வெளியேறிய நேரம்

"நாள் பூரா இங்க தனியா உக்காந்திருக்கியே, யாரோட பேசுவே நீ?" என்று தஹ்மீனாக்கா ஒருமுறை என்னிடம் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. கேள்வி பிடிக்காமல் இல்லை. அதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை என்பதால் பதில் எதுவும் என்னிடம் தயாராக இல்லை.

நீங்கள் ஆகஸ்ட் மாதத்து அந்த ஒரு நாளைப் பற்றி மட்டும் சொன்னால் போதும் என்றீர்கள். அந்த நாளை மட்டும் தனியாகச் சொன்னால் நான் கெட்டவளாகத் தெரிவேன். முன்னால் இருந்து சொல்கிறேன். என் நோட்டுகள் பதினொன்றும் உங்களிடம் இருக்கின்றன. தேதி எங்காவது தவறினால் நீங்களே பார்த்துத் திருத்திக்கொள்ளலாம்.

தஞ்சாவூரிலிருந்து வல்லம் போகும் வழியில் ஹரிஹரசுப்ரமணியன் சார் குடும்பத்தின் பழைய நெல் கிடங்கு இருக்கிறது. அந்தக் குடும்பத்தில் நிலம் பார்ப்பவர்கள் இப்போது யாரும் இல்லை. சார் பெங்களூரில் இருபது வருடம் வேலை பார்த்துவிட்டு வந்து, கிடங்கில் பாதியைத் தடுத்து, ஏ.சி. போட்டு, அதை டேட்டா சென்டர் ஆக்கினார். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே சர்வர்கள். கதவுக்கு வெளியே ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு தொலைபேசி, ஒரு கம்ப்யூட்டர் திரை, நான். மழை பெய்தால் தரையிலிருந்து உமி வாசனை வரும். மற்ற நாட்களில் எந்த வாசனையும் கிடையாது.

வேலை கஷ்டமில்லை. மணிக்கு ஒருமுறை உள்ளே போய் எத்தனை டிகிரி என்று பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். கரண்ட் போனால் ஜெனரேட்டர் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். யாராவது வந்தால் இன்னொரு பதிவேட்டில் பெயர், வந்த நேரம், வந்த காரணம், வெளியேறிய நேரம் எல்லாம் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். போகும்போது கையெழுத்துப் போடாதவர் உள்ளேதான் இருக்கிறார் என்று அர்த்தம் என்று சார் முதல் நாளே சொல்லிவிட்டார். தீப்பிடித்தால் யாரைத் தேடுவது என்று தெரிய வேண்டுமல்லவா. நான் அந்த விதியை ஒருநாளும் மீறியதில்லை.

பத்தாம் வகுப்பில் படிப்பை நிறுத்திவிட்டேன். ஒருநாள் டீச்சர் எழுந்து நின்று பாடத்தை வாசிக்கச் சொன்னார். எழுத்தெல்லாம் தெரிந்தது. குரல்தான் வரவில்லை. வகுப்பு கொஞ்ச நேரம் காத்திருந்தது, பிறகு சிரித்தது. மறுநாள் பையை மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை போய்த் திரும்பி வந்தேன். இருபது நாள் அப்படியே போய்த் திரும்பினேன். பிறகு பெயரை எடுத்துவிட்டார்கள். அப்பா கதிர் அறுக்கும் மிஷின் ஓட்டுகிறார். எந்த ஊரில் அறுப்போ அந்த ஊரில் இருப்பார். அம்மா, என் அண்ணன் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளத் திருப்பூர் போனவர், அங்கேயே இருந்துவிட்டார். பேசாத பெண் வேண்டும் என்று சார் தேடிக்கொண்டிருந்தார். நான் கிடைத்தேன்.

தஹ்மீனாக்கா கம்பெனியின் இன்ஜினியர். கூத்தாநல்லூரில் அவருடைய அம்மா வீட்டில் இருந்தபடியே வேலை பார்த்தார். அவருடைய கணவர் அஸார் தோஹாவில் இருக்கிறார். வீட்டிலிருந்து சரிசெய்ய முடியாத கோளாறு என்றால் மட்டும் அக்கா பஸ் பிடித்து வருவார். மன்னார்குடி, வடுவூர், தஞ்சாவூர், பிறகு ஒரு டவுன் பஸ். இரண்டு மணி நேரம் ஆகும்.

முதல் தடவை அவர் வந்தது ஐப்பசி மழையில். கூரை ஒழுகி ஒரு பேட்டரி கெட்டுவிட்டது.

"சாருக்கு மேகம்னா ரொம்பப் பிடிக்கும். கம்பெனி பேர்லயே மேகம் வெச்சிருக்கார். மழைதான் பிடிக்காது," என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நான் வாளி எடுத்து வைத்தேன். வேலை முடிய ஐந்து மணி நேரம் ஆனது. மதியம் அவர் டப்பாவைத் திறந்து பாதியை மூடியில் எடுத்து என் பக்கம் தள்ளினார். தம்ரூட் என்ற ரவை இனிப்பில் ஒரு துண்டும் வைத்தார். எங்கள் ஊர்ப் பேக்கரியில் மட்டும்தான் இப்படிக் கிடைக்கும் என்றார். சாப்பிட்டு முடித்ததும் திரையை என் பக்கம் திருப்பினார்.

"இது என்னன்னு தெரியுமா கவி?"

நான் தலையாட்டினேன், தெரியாது என்று.

"உள்ள நிக்கிறது ஒத்த மெஷின்தான். ஆனா அதுக்குள்ள இருபத்தி மூணு மெஷின் ஓடுது. கல்யாண மண்டபத்துக்கு ஒண்ணு, டியூஷன் சென்டருக்கு ஒண்ணு, பட்டுக் கடைக்கு ஒண்ணு. இப்படிப் பிரிச்சுக் கொடுக்கிற சாஃப்ட்வேர் இது. விர்ச்சுவலைசேஷன்னு பேரு. பேரப் பாத்து மெரளாத. வாய்க்கால் மாதிரின்னு வெச்சுக்கயேன். தண்ணி ஒண்ணுதான். முறை வெச்சு மடையத் தொறந்து ஒவ்வொரு வயலுக்கா விடுறோம். வயலுக்கு என்ன தெரியும்? வாய்க்காலே நமக்குத்தான்னு நெனச்சுக்கும்."

"பக்கத்துல இன்னொண்ணு இருக்கிறது தெரியாதாக்கா?" என்றேன். நான் அவரிடம் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான்.

"தெரியாது. ஒவ்வொண்ணும் உலகத்துல நான் மட்டும்தான் இருக்கேன்னு நெனச்சுக்கிட்டு ஓடும். பக்கத்துல ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சுட்டா அதுக்குப் பேருதான் கோளாறு."

பிறகு ஒரு பட்டனைக் காட்டினார். அதை அழுத்தினால் மெஷின் அப்படியே நின்றுவிடும். அணைவது இல்லை. நிற்பது மட்டும்.

"தூங்குமாக்கா?"

"தூங்கினா முழிச்சதும் தூங்கினோம்னு தெரியும்ல? இதுக்கு அதுகூடத் தெரியாது. ரெண்டு நாள் கழிச்சு எழுப்பினாலும் விட்ட எடத்துலேர்ந்து அப்படியே ஆரம்பிக்கும். அதனால எழுப்பினதும் மொதல்ல மணியச் சரிபண்ணணும். இல்லாட்டி லூசு மாதிரி நேத்து மணியவே சொல்லிட்டிருக்கும்."

முதலில் சொன்னேனே, அந்தக் கேள்வியை அன்றைக்குத்தான் கேட்டார். போகும்போது அவருடைய பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். கோளாறு வந்தால் திரையில் என்ன தெரிகிறது என்று நான் போனில் வாசித்துச் சொல்வதற்காக. பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, வெளியேறிய நேரம் நான்கு ஐந்து என்று எழுதிவிட்டுப் போனார்.

அதன் பிறகு நாற்பத்தொரு நாள் யாரும் வரவில்லை. மழை நின்றது. எல்லாம் நன்றாக ஓடியது. சார் வாரம் ஒருமுறை போன் செய்வார். "என்னம்மா, எல்லாம் ஓடுதா?" "ஓடுது சார்." அதோடு வைத்துவிடுவார். மனிதர்களுக்கும் அப்படி ஒரு பட்டன் இருந்தால் நல்லது என்று நோட்டில் எழுதியிருக்கிறேன். ஒருவர் வந்துவிட்டுப் போனதும் அழுத்திவிட்டால், அடுத்து அவர் வரும்போது விட்ட இடத்திலிருந்து ஆரம்பிக்கலாம். நடுவில் இருக்கும் நாற்பத்தொரு நாள் தெரியாது.

நாற்பத்திரண்டாம் நாள் கல்யாண மண்டபத்தின் மெஷினை நிறுத்தினேன். மார்கழி மாதம். மண்டபம் காலியாகத்தான் கிடந்தது. அக்கா கூத்தாநல்லூரில் இருந்தபடியே ஒன்பது நிமிடத்தில் எழுப்பிவிட்டார். எனக்குப் போன்கூட வரவில்லை. பட்டன் மட்டும் போதாது என்று அப்போது புரிந்தது. அவர் வீட்டிலிருந்து உள்ளே வருவதற்கென்று மெல்லிய நீல ஒயர் ஒன்று இருக்கிறது. அதை முழுதாகப் பிடுங்கக் கூடாது. செருகியிருப்பது போலவே தெரியும்படி ஒரு மயிரிழை வெளியே இழுத்துவிட்டால் போதும். அவர் நேரில் வந்துதான் ஆக வேண்டும்.

தை மாதம் அப்படிச் செய்தேன். அவர் வந்தார். ஒயரை விரலால் அழுத்திவிட்டு, "எலி வேலை. இங்க இப்ப நெல்லு இல்லன்னு எலிக்கு யாரும் சொல்லல போலிருக்கு," என்றார். நான் சிரித்தேன். அவர் திரும்பிப் பார்த்து, "ஏ, உனக்குச் சிரிக்கத் தெரியுமா புள்ள?" என்றார்.

அதன் பிறகு ஆறு மாதத்தில் ஆறு முறை. ஒவ்வொரு முறையும் யாருக்கும் பெரிய சிரமம் இல்லாத மெஷினாகப் பார்த்துத்தான் நிறுத்தினேன். பட்டுக் கடையின் புடவைப் படங்கள், டியூஷன் சென்டரின் பழைய மார்க்குகள். எதை எப்போது நிறுத்தலாம் என்பதை யோசிக்க வாரக்கணக்கில் ஆகும். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். நான் கவனமில்லாமல் எதையும் செய்ததில்லை.

மூன்றாவது முறை மட்டும் மனசு கேட்கவில்லை. சித்திரை வெயில். அக்கா பஸ்ஸில் வந்துகொண்டிருக்கும்போதே மெஷினை எழுப்பி, ஒயரையும் அழுத்தி, "அதுவா சரியாயிடுச்சுக்கா" என்று போன் செய்தேன். அப்போது அவர் வடுவூரில் இருந்தார். "அப்பாடா, அல்லாஹ் காப்பாத்தினான்," என்று சொல்லி அங்கேயே இறங்கி எதிர்ப் பக்கத்து பஸ்ஸில் ஏறிவிட்டார். நான் இரண்டு தட்டு கழுவி வைத்திருந்தேன். ஒன்றில் சாப்பிட்டேன். இரண்டையும் மறுபடி கழுவினேன். வடுவூர் தாண்டும்வரை எதையும் எழுப்பக் கூடாது என்று அன்றைக்கு நோட்டில் எழுதியிருக்கிறேன். ஏழாவது நோட்டு என்று நினைக்கிறேன்.

இருபத்து மூன்று மெஷின்களில் ஒன்றின் பெயர் கரைக்குரல். அது அக்கா தானாகவே செய்து கொடுத்தது. கொள்ளிடக் கரை ஊர்களில் ஒரு சங்கம் இருக்கிறது. நெடுஞ்செழியன் என்பவர் செயலாளர். மேலே கொள்ளிடத்தில் தண்ணீர் கூடுதலாகத் திறக்கும்போது அவருக்குத் தகவல் வரும். அவர் அதைத் தன் போனிலிருந்து ஒரு செய்தியாக இந்த மெஷினுக்கு அனுப்புவார். உடனே மெஷின் ஆற்றுக்குள் வேலை பார்க்கும் நானூற்றுப் பன்னிரண்டு பேருடைய போனுக்கு அழைக்கும். எடுத்தால் அக்காவின் குரல் பேசும். "ஆத்துல தண்ணி கூடுது. யாரும் எறங்காதீங்க. திட்டுல இருக்கிறவங்க ஆடு மாட்டை ஓட்டிக்கிட்டு ஒடனே கரையேறிடுங்க." கொள்ளிடம் பாதி நாள் மணலாகத்தான் கிடக்கும். நடுவில் திட்டு, திட்டில் நாணல். நாணல் அறுக்கவும் ஆடு மேய்க்கவும் போகிறவர்களுக்குத் தண்ணீர் வருவது கண்ணில் படும்போது நேரம் இருக்காது. அக்காவின் குரல் வந்தால் இரண்டு மணி நேரம் முன்னால் ஏறிவிடலாம்.

என் எண்ணையும் அதில் சேர்த்துக்கொண்டேன். நானூற்றுப் பதின்மூன்று. எனக்கும் ஆற்றுக்கும் சம்பந்தமில்லை. என் போனுக்கு சாரைத் தவிர வேறு யாரும் அழைப்பதில்லை, அவ்வளவுதான். வந்த அழைப்பைப் பதிவு செய்து வைத்துக்கொண்டேன். வேலை இல்லாத நேரத்தில் கேட்பேன். கேட்டுக் கேட்டு, எந்த இடத்தில் மூச்சு எடுக்கிறார், எந்தச் சொல்லை இறக்கிச் சொல்கிறார் என்றெல்லாம் தெரிந்துவிட்டது. கூடவே நானும் சொல்லிப் பார்ப்பேன். பத்தாம் வகுப்பில் வராத குரல் அப்போது வந்தது.

ஜூலைக் கடைசியில் அக்கா போன் செய்தார். கோளாறு எதுவும் இல்லாமல் அவராகவே போன் செய்தது அது ஒருமுறைதான்.

"கவி, ஒரு சந்தோஷமான சேதி. எனக்கு விசா வந்துடுச்சு. அடுத்த மாசம் இருபதாம் தேதி கெளம்பறேன், இன்ஷா அல்லாஹ்."

நான் நோட்டில் இருபது என்று எழுதினேன்.

"சாரும் எடத்தக் காலி பண்றார். எல்லா மெஷினையும் சென்னையில ஒரு பெரிய சென்டருக்கு மாத்திடறோம். ஓடிக்கிட்டிருக்கும்போதே மாத்திடலாம், நிறுத்தக்கூட வேணாம். எடம் மாறினதே அதுங்களுக்குத் தெரியாது. வேடிக்கையா இல்ல?"

"நீங்க இங்க வருவீங்களாக்கா, மாத்துறதுக்கு?"

"எதுக்குடி? வீட்டுலேர்ந்தே பண்ணிடுவேன். லைன்ல இருக்கியா? ஹலோ?"

நான் லைனில்தான் இருந்தேன்.

மற்ற மெஷின் எதை நிறுத்தினாலும், மாற்றும்போது சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிடுவார் என்று எனக்குத் தெரியும். கரைக்குரல் நின்றால் மட்டும்தான் சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வருவார். ஒருமுறை அவர் வந்துவிட்டால் போதும் என்றுதான் இருந்தது. ஒரு மதியம். விடைபெறும்போது மனிதர்கள் என்ன பேசிக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியாது. அதைக் கேட்க விரும்பினேன். இது பெரிய ஆசை என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆடிப் பெருக்கு முடிந்து ஐந்தாம் நாள் காலை ஒன்பது பத்துக்குப் பட்டனை அழுத்தினேன். ஒயரை இழுத்துவிட்டேன். ஒன்பதே காலுக்குப் போன் செய்தேன். "அய்யோ, கரைக்குரலா? தண்ணி வர்ற சமயமாச்சே. ஒன்பதரை பஸ்ஸப் பிடிக்கிறேன். நீ எதையும் தொடாத," என்றார். நான் சரி என்றேன். பத்து மணிக்கு உள்ளே போய்ப் பார்த்தேன். இருபத்திரண்டு டிகிரி. பதிவேட்டில் இருக்கும். இரண்டு தட்டு எடுத்து வைத்தேன். கொத்தவரங்காய்ப் பொரியல் செய்து எடுத்து வந்திருந்தேன், அவருக்குப் பிடிக்கும் என்று ஒருமுறை சொன்னார்.

பத்து இருபத்தைந்துக்கு மேசைத் தொலைபேசி அடித்தது. நான் பொதுவாக அதை எடுப்பதில்லை.

பத்து முப்பதுக்கு என் கைபேசியில் அக்கா. "வடுவூர் வந்துட்டேன். ஏதாச்சும் தானா சரியாச்சா, பாரு." பஸ் நின்றுகொண்டிருந்தது. சுண்டல் விற்பவரின் குரல் கேட்டது. "இல்லக்கா, அப்படியேதான் இருக்கு," என்றேன்.

பதினொன்று முப்பத்தைந்துக்கு வந்துவிட்டார். வியர்வையைத் துடைக்கக்கூட இல்லை. ஒயரை அழுத்தினார், மெஷினை எழுப்பினார், அது ஒன்பது பத்து என்று காட்டிக்கொண்டிருந்த மணியைச் சரிசெய்தார். பதினொன்று நாற்பத்தொன்றுக்கு என் மடியில் இருந்த போன் அடித்தது. அக்காவின் குரல். ஆத்துல தண்ணி கூடுது. அக்கா பக்கத்தில் நின்றுகொண்டே என் போனைப் பார்த்தார். "உன் நம்பர் எதுக்குடி இதுல இருக்கு?" என்றார். பதிலுக்குக் காத்திருக்காமல் நெடுஞ்செழியன் சாருடைய செய்தி எத்தனை மணிக்கு வந்தது என்று தேடினார். பத்து இருபது. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

மீதி உங்களுக்குத் தெரியும். தண்ணீர் திட்டை ஏறியது பதினொன்று பத்துக்கு. நாணல் அறுக்கப் போயிருந்த மாரிக்கண்ணு அம்மாளையும் அவரோடு போன இரண்டு பெண்களையும் மறுநாள் எடுத்தார்கள். மாரிக்கண்ணு அம்மாள் போனை பிளாஸ்டிக் உறையில் போட்டு இடுப்பில் கட்டியிருந்தாராம். காய்ந்த பிறகு அது வேலை செய்ததாம். மூன்று வருடத்தில் அக்காவின் குரல் வந்து அவர் கரையேறாத நாளே இல்லை என்று அவர் மகன் சொன்னதாகப் பேப்பரில் போட்டிருந்தார்கள். அந்த அழைப்பு மட்டும்தான் எடுக்கப்படவில்லை.

அன்றைக்கு நானும் அக்காவும் சாப்பிடவில்லை. பொரியல் வீணாகிவிட்டது.

விசாரணைக்கு ஆட்கள் வந்தார்கள். மெஷின் கெட்டுப்போய் நின்றிருந்தால் மறுபடி முதலிலிருந்து கிளம்பியிருக்க வேண்டும், இது ஒன்பது பத்திலிருந்து பதினொன்று முப்பத்தாறுக்கு ஒரே தாவாகத் தாவியிருக்கிறது, யாரோ அழுத்தி நிறுத்தியிருக்கிறார்கள் என்று கண்டுபிடித்தார்கள். அழுத்தியது தஹ்மீனாக்காவின் பாஸ்வேர்ட். ஒன்பது பத்துக்கு நான் அம்மா வீட்டில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன் என்று அக்கா சொன்னார். வீட்டிலிருந்தே அழுத்தலாமே என்றார்கள். பாஸ்வேர்ட் வேறு யாருக்குத் தெரியும் என்று கேட்டபோது அக்கா என்னைப் பார்த்தார். சார் குறுக்கிட்டு, "அந்தப் பொண்ணா? டிகிரி பாத்து எழுதத்தான் தெரியும் அதுக்கு. வாயே தொறக்காது," என்றார். அக்காவும், ஆமாம், அவள் பாவம் என்றார். என்னிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

அக்காவை ஊரைவிட்டுப் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டார்கள். இருபதாம் தேதி வந்தது, போனது. இரண்டு மாதமாகியும் முடியவில்லை என்றால் விசா போய்விடும் என்று அஸார் மச்சான் போனில் கத்துவது எனக்கே கேட்டது. விசாரணைக்காக அக்கா தினமும் கிடங்குக்கு வர வேண்டியிருந்தது. காலை பத்து மணிக்கு வந்து, ஆட்கள் கேட்பதை எடுத்துக் கொடுத்து, நான்கு மணிக்குப் போவார். பத்தொன்பது நாள். ஞாயிற்றுக்கிழமையும் வந்தார்.

அவர் இளைத்துப் போனார். பேச்சு குறைந்தது. ஆனால் எனக்குப் பேச்சு கூடியது. மதியம் பொரியல் வைப்பேன், "கொஞ்சமாச்சும் சாப்பிடுங்கக்கா" என்பேன். அவர் என் தோளில் சாய்ந்து அழுதார், இரண்டு முறை. "எனக்கு இப்ப உன்ன விட்டா யாருமில்ல கவி," என்றார். அதை அன்றைக்கே எழுதி வைத்திருக்கிறேன், பதினொன்றாவது நோட்டு, அடிக்கோடு போட்டு. என் வாழ்க்கையில் அவ்வளவு நல்ல நாட்கள் இருந்ததில்லை. இப்படிச் சொல்வது உங்களுக்குத் தவறாகப் படலாம். நீங்கள் உண்மையைத்தானே சொல்லச் சொன்னீர்கள்.

மேசைத் தொலைபேசியைப் பொதுவாக எடுப்பதில்லை என்றேன். அது உண்மை. அன்றைக்கு எடுத்தேன்.

நெடுஞ்செழியன் சார்தான். "வணக்கம்மா, கொள்ளிடக்கரை நெடுஞ்செழியன் பேசுறேன். சேதி அனுப்பி அஞ்சு நிமிசமாச்சு, பதில் சேதி வரல. கால் போச்சா இல்லியா? போகலன்னா சொல்லுங்க, நான் வண்டிய எடுத்துக்கிட்டுப் போயி கரையில நின்னு கத்திச் சொல்லிடறேன். அரை மணி நேரத்துல போயிடலாம். திட்டுல ஆளு இருக்கு."

எனக்கு அப்போது என்ன தோன்றியது என்று சரியாகச் சொல்லிவிடுகிறேன். அவர் வண்டியை எடுத்தால் அதற்கு முன் அக்காவுக்குப் போன் செய்வார். அக்கா, அவரே கத்திச் சொல்லப் போகிறாரே, இனி அவசரமில்லை என்று நினைத்துவிட்டால். வடுவூரில் பஸ் நிற்கும் நேரம். எதிர்ப் பக்கத்து பஸ்ஸும் அங்கேதான் நிற்கும்.

"போயிடுச்சு சார். எல்லாருக்கும் போயிடுச்சு. நீங்க அலைய வேணாம்," என்றேன்.

நிறுத்தி, இறக்கி, மூச்சு எடுக்க வேண்டிய இடத்தில் எடுத்துச் சொன்னேன். அவர் நன்றி சொல்லி வைத்துவிட்டார். பிறகு உங்கள் ஆட்களிடம் அவர், தெளிவான குரல், கரைக்குரல் போனில் வருகிற அதே பெண்ணின் குரல்தான் என்று சத்தியம் செய்தார் அல்லவா. அவர் பொய் சொல்லவில்லை. அக்கா அந்த நேரத்தில் பஸ்ஸில் இருந்தேன் என்றதும் பொய் இல்லை. டிக்கெட்டைத்தான் அவர் கிழித்துப் போட்டுவிட்டார். பதிவேட்டில் இருந்த பதினொன்று முப்பத்தைந்தை, அவரே எழுதியதுதானே என்று விட்டுவிட்டீர்கள்.

அரை மணியில் அவர் போயிருந்தால் பத்து ஐம்பத்தைந்து. தண்ணீர் பதினொன்று பத்து. இந்தக் கழித்தலை நான் அப்போதே போட்டுப் பார்த்தேனா என்று நீங்கள் கேட்பீர்கள். தண்ணீர் எப்போது வரும் என்று எனக்குத் தெரியாது. வரும் என்று தெரியும்.

பத்தொன்பதாம் நாள். மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அன்றைக்கு அக்கா தம்ரூட் கொண்டுவந்திருந்தார், எனக்காக. கொஞ்சம் தெளிவாக இருந்தார். அவருடைய போன் எந்த டவரில் இருந்தது என்ற விவரம் இரண்டொரு நாளில் வந்துவிடும், வந்தால் நான் பஸ்ஸில் இருந்தது தெரிந்துவிடும் என்றார். "அப்ப போயிடுவீங்களாக்கா?" என்றேன். "போயித்தானே ஆகணும் புள்ள," என்றார்.

அப்போது மேசைத் தொலைபேசி அடித்தது. அக்காவின் கையெல்லாம் சோறு. "எடு கவி. யாருன்னு கேளு," என்றார்.

எடுத்தேன். "வணக்கம், சொல்லுங்க," என்றேன். நெடுஞ்செழியன் சார். மெஷின் இப்போதாவது ஒழுங்காக ஓடுகிறதா, மேலே மறுபடி தண்ணீர் திறக்கப் போகிறார்களாம் என்றார். "ஓடுது சார். எல்லாருக்கும் போயிடும். நீங்க கவலப்பட வேணாம்," என்றேன்.

நான் தொலைபேசியில் வெளியாள் யாரோடும் பேசி அக்கா கேட்டதே இல்லை. நானும் யோசிக்கவில்லை. வெளியாளிடம் தொலைபேசியில் பேசினால் எனக்கு அந்த ஒரு குரல்தான் வரும். வேறு குரல் என்னிடம் கிடையாது.

வைத்துவிட்டுத் திரும்பினேன். அக்காவின் கை தட்டிலேயே நின்றிருந்தது. என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. பிறகு கண்ணாடிக் கதவைப் பார்த்தார், நீல ஒயர் இருக்கும் பக்கத்தை. பிறகு என் போனை. பிறகு எனக்கென்று எடுத்து வைத்திருந்த தம்ரூட்டை.

"உங்களுக்காகத்தாங்கா," என்றேன். அதையும் அவருடைய குரலில்தான் சொல்லியிருக்கிறேன் என்பது சொன்ன பிறகுதான் எனக்குக் கேட்டது.

அவர் எழுந்தார். கையைக் கழுவினார், வெகுநேரம். டப்பாவைக் கழுவாமலே மூடிப் பையில் போட்டார். துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டார். நான் பதிவேட்டைத் திறந்து, பேனாவின் மூடியைக் கழற்றி, அவர் பக்கம் திருப்பி வைத்தேன். வந்த நேரம் பத்து இரண்டு என்று எழுதியிருந்தது. வெளியேறிய நேரத்துக்கான கட்டமும் கையெழுத்துக்கான கட்டமும் காலியாக இருந்தன.

அந்தப் பதிவேடும் இப்போது உங்களிடம்தான் இருக்கிறது. அந்தக் கட்டங்களை நான் ஏன் நிரப்பவில்லை என்று கேட்டீர்கள். கையெழுத்துப் போடாதவர் உள்ளேதான் இருக்கிறார். சார் போட்ட விதி, நான் மீறியதில்லை. நீங்கள் மறுநாள் காலையில் வந்து கதவைத் தட்டும்வரை நான் இரண்டு தட்டையும் கழுவாமல் வைத்திருந்தது அதனால்தான்.

தஹ்மீனாக்கா பேனாவைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒரு வார்த்தையும் சொல்லாமல், கதவைத் திறந்து போனார்.